நெல் சேமிப்பு: எதை அளந்தால் உண்மை தெரியும்?

குறுவை அறுவடையும் மழையும் டெல்டாவில் ஒரே நேரத்தில் வந்து நிற்பது புதிதல்ல. கொள்முதல் நிலைய வாசலில் குவித்துவைத்த நெல் முளைவிடும் படங்கள் வெளியாவதும், பின்னாலேயே ‘இத்தனை ஆயிரம் டன் கொள்ளளவில் புதிய கிடங்குகள்’ என்று அறிவிப்பு வருவதும் வழக்கமாகிவிட்டது. கிடங்கு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், கொள்ளளவு என்பது இடத்தின் அளவு மட்டுமே. அந்த இடத்தில் வைத்த நெல் என்ன ஆச்சு என்பதை அது சொல்லாது.

இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965இல் திறக்கப்பட்டது தஞ்சாவூரில்தான். 60 ஆண்டுகள் கடந்த பிறகும், ‘எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு இடம் இருக்கிறது’ என்ற இரண்டு எண்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நல்ல சேமிப்பை அளக்க வேறு சில எண்கள் வேண்டும்.

கணக்கில் வராத நாட்கள்: நெல் எடைபோடப்பட்ட பிறகுதான் அரசின் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. அதற்கு முன்பு, களத்தில் தார்ப்பாய் மூடிக் காத்திருக்கும் நாட்களும் சேமிப்புதான். அந்த நாட்களில் நனைவது, முளைப்பது, எலி தின்பது, மறுபடி காயவைக்கக் கூலி கொடுப்பது எல்லாம் விவசாயி தலையில் விழுகிறது. ‘சாக்கு இல்லை, லாரி வரலை, நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு நஷ்டம். ஆனால், எந்தப் பதிவேட்டிலும் அது இழப்பாக எழுதப்படுவதில்லை. ஆகவே முதல் அளவுகோல் இதுதான்: நெல் நிலைய வாசலுக்கு வந்த நாளுக்கும் எடைபோட்ட நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள்? எடைபோட்ட மூட்டை கூரைக்குள் போக எத்தனை நாட்கள்?

எடை ஏமாற்றும்: கிடங்கில் நெல் பத்திரமாக இருக்கிறதா என்பதை எடையை வைத்து முடிவுசெய்வது இயல்பாகத் தோன்றும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பொதுவாக 17% வரை ஈரப்பதம் உள்ள நெல்லை அரசு வாங்குகிறது. சில மாதங்கள் கெடாமல் இருக்க அது 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 17% ஈரத்தில் உள்ள 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 96.5 கிலோதான் இருக்கும். குறைந்த மூன்றரை கிலோவும் தண்ணீர். மழைக்காலத் தளர்வாகக் கேட்கப்படும் 22 சதவீதத்தில் வாங்கினால், காய்ந்த பின் மிஞ்சுவது 91 கிலோவுக்கும் கீழே.

எடையை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும்? நெல்லை ஒழுங்காகக் காயவைத்த ஊழியர் மீது ‘எடைக்குறைவு’ பழி விழும். ஈரத்தோடு அடுக்கிவைத்தவர் கணக்கு சரியாக இருக்கும். நாலு மூட்டை காணாமல்போய், மீதி மூட்டைகள் ஈரம் குடித்திருந்தாலும் எடை பொருந்திவிடும். மூட்டைக்கு 40 கிலோ என்று சொல்லிவிட்டு, கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்ற விவசாயிகளின் நெடுநாள் புகாருக்கும் இதில் ஒரு வேர் இருக்கிறது. பின்னால் வரப்போகும் குறைவைத் தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம், முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளச் சொல்லும். பயப்படாதவர்களுக்கும் அது வசதியான சாக்காகிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எடையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். ஈரத்தைக் கழித்துவிட்டு, தானியத்தின் உலர் எடையை மட்டும் ஒப்பிட வேண்டும். அப்போது எது தண்ணீர், எது இழப்பு, எது திருட்டு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

குதிர் சொல்லும் பாடம்: நம் வீடுகளில் இருந்த குதிரில் நெல்லை மேலே கொட்டுவார்கள், அடியில் உள்ள துளை வழியாக எடுப்பார்கள். பழையது முதலில் வெளியே வரும். அந்த ஒழுங்கு அமைப்பிலேயே இருந்தது. மூட்டைகளை அட்டிபோடும் கிடங்கில் அது தானாக நடக்காது. கதவுக்குப் பக்கத்தில் உள்ள புது அட்டியை ஏற்றி அனுப்புவதே சுலபம். உள்ளே இருக்கும் பழைய அட்டி அப்படியே கிடந்து, அந்துப்பூச்சி பிடித்து, மருந்தடித்து, மறுபடி மருந்தடித்து நிற்கும். ஒவ்வொரு அட்டியின் வயதும் தெரிய வேண்டும். உணவுக் கழகச் சீரமைப்பு குறித்து ஆராய்ந்த சாந்தகுமார் குழு 2015இல், திறந்தவெளியில் மூடாக்கு போட்டு வைக்கும் முறையைப் படிப்படியாகக் கைவிடவும், அப்படி வைத்தாலும் மூன்று மாதங்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. டன் கணக்கைத் தாண்டி நாள் கணக்கைப் பேசியதுதான் அதில் முக்கியம்.

ஆலைதான் தேர்வாளர்: நெல் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பது அரவையில் தெரிந்துவிடும். 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கலரிசி என்றால் 68 கிலோ தர வேண்டும் என்பது அரசின் வரையறை. நனைந்து காய்ந்து, சூடேறிக் கிடந்த நெல் ஆலையில் அதிகமாக நொறுங்கும், நிறம் மாறும். ரேஷன் கடையில் ‘அரிசி பழுப்பா இருக்கு’ என்று முணுமுணுப்பவர் பார்ப்பது அந்தச் சேமிப்பின் மதிப்பெண்ணை. எந்தக் கிடங்கின் எந்த அட்டியிலிருந்து போன நெல் எவ்வளவு நொறுங்கியது என்று ஆலையின் முடிவைக் கிடங்கோடு இணைத்துவிட்டால், பொறுப்பு யாருடையது என்று தேட வேண்டியிருக்காது.

செலவும் ஓர் அளவுதான்: பத்திரமாக வைப்பது என்றால் எவ்வளவு செலவானாலும் சரி என்று அர்த்தமல்ல. ஒரு குவிண்டாலை ஒரு மாதம் வைத்திருக்க ஆகும் செலவு, கெட்டுப்போனதன் மதிப்பையும் சேர்த்து, தெரிய வேண்டும். வாடகை குறைந்த திறந்தவெளி மலிவாகத் தோன்றும். நனைந்த மூட்டையைச் சேர்த்தால் கணக்கு மாறும். அதேபோல, 100% நிரம்பிய கிடங்கும் வெற்றியல்ல. நடக்க வழி, மருந்துப் புகை போட அட்டியை மூடும் இடம், மூட்டை மாற்றி அடுக்கும் இடம் இல்லையென்றால், நிறைந்த கிடங்குதான் முதலில் கெடும்.

‘முதல்ல இடம் வேணும், அளவுகோல் எல்லாம் அப்புறம்’ என்று சொல்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. கூரையுள்ள இடம் போதவில்லை என்பது உண்மை. ஆனால், தேங்குவது எங்கே என்று தெரியாமல் கட்டும் கிடங்கு, தேவையில்லாத ஊரில் நிற்கும். ஒரு வட்டாரத்தில் பற்றாக்குறை கிடங்காக இருக்காது, லாரியாக இருக்கும். இன்னொன்றில் உலர்த்தும் இயந்திரமாக இருக்கும். உலர்த்த வசதி இல்லாமல் ஈரப்பதத் தளர்வு மட்டும் கொடுத்தால், விவசாயிக்கு உடனடி நிம்மதி; ஆனால் நஷ்டம் களத்திலிருந்து கிடங்குக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். காத்திருந்த நாட்களும் ஈரப்பத அளவும் கையில் இருந்தால், எதை வாங்குவது, எங்கே கட்டுவது என்பதற்கு விடை தானாகக் கிடைக்கும்.

பலகையில் எழுதுங்கள்: இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஈரப்பதமானியும் தராசும் ஏற்கெனவே ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கின்றன. காத்திருக்கும் சராசரி நாட்கள், கூரைக்குள் போகாத மூட்டைகள், உலர் எடையில் ஏற்பட்ட இழப்பு, மிகப் பழைய அட்டியின் வயது, குவிண்டாலுக்கான மாதச் செலவு – இந்த ஐந்தையும் வாரம் ஒருமுறை நிலையத்திலும் கிடங்கிலும் பலகையில் எழுதி, இணையத்திலும் போடலாம். எண்கள் மோசமாக இருந்தால் ஊழியரைத் தண்டிப்பதற்கு முன், அவர் கேட்ட சாக்கும் லாரியும் எப்போது வந்தன என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். இல்லையென்றால் எண்கள் மட்டும் நன்றாக இருக்கும், நெல் இருக்காது.

அடுத்த பட்ஜெட்டில் புதிய கிடங்குகள் அறிவிக்கப்படும்போது, மக்கள் பிரதிநிதிகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏற்கெனவே கட்டிய கிடங்கில் உள்ளே போன நெல், எத்தனை நாள் கழித்து, எந்த நிலையில் வெளியே வந்தது?