கைக்கு வரும் பணமும் கடன் பேரேடும்

சர்க்கார் உதவியைக் குடியானவர் கையில் ரொக்கமாகவே கொடுத்துவிடுவது நல்லதா, அன்றி விதையாகவும் உரமாகவும் கொடுப்பதே நல்லதா என்னும் வாதம் நம் சங்கக் கட்டிடங்களின் திண்ணைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ரொக்கம் குடிக்கும் கூத்துக்கும் போய்விடும் என்பார் ஒரு சாரார். அவ்வாறு போனதை நாமும் ஓரிரு வீடுகளில் கண்டிருக்கிறோம். ஆயினும் பெரும்பாலான வீடுகளில் அது எங்கே போயிற்று என்பதையும் கண்டிருப்பதால், ரொக்கமாகக் கொடுப்பதே மேல் என்னும் கட்சியைச் சேர்ந்தவர் நாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இங்கு எழுத முற்பட்டது அவ்வாதத்தைத் தீர்த்துவைக்க அன்று; அப்பணத்தினிடம் நம் சங்கங்களிற் சில நடந்துகொள்ளும் முறையைப் பற்றியே எழுதுகிறோம்.

2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டம், நிலமுடைய விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டிற்கு ரூ. 6,000 என்று வகுத்து, அதை ரூ. 2,000 வீதம் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் நேராகச் சேர்க்கிறது. இரண்டாயிரம் ரூபாயில் என்ன வந்துவிடும் என்று ஏளனம் செய்வோர் உளர். 2025ஆம் ஆண்டு விலைப்படி டி.ஏ.பி. மூட்டை ஒன்று ரூ. 1,350, யூரியா மூட்டை ஒன்று ரூ. 266.50. டி.ஏ.பி. ஒன்றும் யூரியா இரண்டும் வாங்கினால் ரூ. 1,883 ஆகிறது. மீதி ரூ. 117 வண்டிக் கூலிக்கு. பொட்டாஷுக்கு இடமில்லைதான். என்றாலும் ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்த மூன்று மூட்டைகள் சிறிய காரியம் அல்ல.

நம் சரகத்தில் நாம் நன்கு அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. ஓர் ஏக்கர் பட்டா நிலம், ஓர் ஏக்கர் குத்தகை நிலம், ஒரு கறவை மாடு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். முன்னெல்லாம் சம்பாவுக்கு நாற்று விடும் காலம் வந்ததும் குடும்பத் தலைவர் முதலில் போய் நிற்பது மண்டிக்காரர் வாசலில். மண்டிக்காரர் கொடுக்கும் முன்பணத்திற்குச் சீட்டில் வட்டி எழுதுவதில்லை; ஆகையால் வட்டியே இல்லை என்று வெளியார் எண்ணக்கூடும். அறுத்த நெல் முழுவதையும் அவர் களத்திற்கே கொண்டுவர வேண்டும், அவர் தராசில் நிறுக்க வேண்டும், அவர் சொன்ன விலைக்கு விட வேண்டும் என்பனவே வட்டி. நேரடி நெல் கொள்முதல் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இவர் நெல் அங்குப் போனதில்லை.

தவணைப் பணம் வரத் தொடங்கிய பின் அவர் மண்டிப் பக்கமே போகவில்லை என்று எழுதினால் அது மிகையாகும். போனார். ஆனால் அடியுரத்திற்காகப் போகவில்லை. நடவுக் கூலிக்கு மட்டும், அதுவும் பாதித் தொகைக்குப் போனார். பாதிதான் வாங்கினோம், பாதி நெல்தான் தருவோம் என்று சொல்லும் துணிவு அவருக்கு அப்போதுதான் வந்தது. எஞ்சிய பாதி கொள்முதல் நிலையத்திற்குச் சென்றது. தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. முதலாளி கொடுத்த முன்பணம் தீராமல் வேறு பாவு ஏற்ற முடியாது நின்ற நெசவாளர் ஒவ்வொருவரும், கையில் சொந்தமாக இரண்டாயிரம் இருப்பதன் பொருளை நம்மைவிட நன்றாக அறிவர்.

அவ்வீட்டு அம்மையாருக்கு 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ரூ. 1,000 வரலாயிற்று. பட்டா கணவர் பெயரில் இருப்பதால் நிலத்தின் பெயரால் வரும் பணமும் கணவர் கணக்கிற்கே வரும். இந்த ஆயிரம் மட்டும் அம்மையாருடையது. சங்கத்தில் அடகிலிருந்த தோட்டுக்கு அவர் மாதந்தோறும் வட்டி கட்டிவந்ததை நகைக்கடன் பேரேட்டில் நாமே கண்டோம். அதற்கு முந்திய ஆண்டுகளில் ஏல நோட்டீஸ் போன பிறகே அவ்வீட்டிலிருந்து பணம் வருவது வழக்கம்.

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருகிறோம். ஒரு சங்கத்தை ஆய்வு செய்கையில் தவணை கடந்த பாக்கி திடீரெனக் குறைந்திருக்கக் கண்டு மகிழ்ந்தோம். காரியதரிசியைப் பாராட்டி அறிக்கையிலும் எழுதினோம். பின்னர்தான் விவரம் தெரிந்தது. பணம் எடுக்கும் சீட்டுகளில் அங்கத்தினரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, தவணைப் பணம் வந்த அன்றே அதை எடுத்துப் பழைய பாக்கியில் வரவு வைத்திருக்கிறார்கள். அங்கத்தினர் பணம் வந்ததா என்று கேட்க வந்தபோது ரசீதைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் அன்று மாலையே மண்டிக்குப் போனார்கள். நம் பாராட்டு இன்றும் அவ்வறிக்கையில் இருக்கிறது. அதை நினைக்குந்தோறும் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டவேண்டியவரே. இதில் நமக்கு ஐயம் இல்லை. வசூல் குறைந்தால் கேள்வி கேட்கப்படுவோரில் நாமும் ஒருவர். ஆனால் பயிர்க்கடனுக்குத் தவணை வைப்பது அறுவடையை ஒட்டி. விதைப்புக்கு வந்த பணத்தை எடுத்துப் பாக்கியைக் குறைப்பவர் அடுத்த அறுவடையைக் குறைக்கிறார். மண்டிக்காரர் களத்தில் செய்வதையே நாம் கணக்கில் செய்கிறோமானால், மண்டியினின்றும் குடியானவரை மீட்பதற்கென்று தோன்றிய சங்கம் எதற்கு? 2023இல் மகளிர் தொகையின் முதல் தவணையிலேயே சில வங்கிகள் தம் கட்டணங்களைப் பிடித்துக்கொண்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சங்கத்தார் பலரும் அக்கண்டனத்தில் சேர்ந்துகொண்டார்கள். தம் இழுப்பறையை அவர்கள் அன்று நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

கடன் தள்ளுபடியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2006இலும், 2016இலும், 2021இலும் நம் மாநிலத்தில் கூட்டுறவுக் கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன; 2021இல் மட்டும் அத்தொகை ரூ. 12,110 கோடி. இடுக்கணில் இருந்தோர்க்கு அது பேருதவியே. ஆயினும் நாள் தவறாது கட்டியவர், கட்டாதிருந்தவரைப் பார்த்து, நாம்தாம் ஏமாளி என்று சொல்லிக்கொண்டு போனதைக் கேட்காத காரியதரிசி இல்லை. கைக்கு வரும் ரொக்கமோ கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒன்றே. கூட்டுறவுக்குக் கேடு செய்யாத உதவி இதுவே என்பது நம் கருத்து.

இத்திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. தவணை எந்நாளில் வரும் என்பது பயிருக்குத் தெரியாது. 2025இல் ஆகஸ்டு 2ஆம் தேதி வந்தது. சம்பா நாற்றங்காலுக்குப் பொருந்திற்று. அதற்கு முந்திய தவணை பிப்ரவரி 24 அன்று வந்தது. நவரை நடவு முடிந்து, உரம் கடனுக்கு வாங்கியாகிவிட்ட பிறகு.

இதைவிடப் பெரிய குறை குத்தகைதாரரைப் பற்றியது. நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே பணம். அதுவும் 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் இருந்ததோ அவருக்கு. பின்னர் நிலம் பெற்றோருள் வாரிசாகப் பெற்றவருக்கே இடமுண்டு. விலைக்கு வாங்கியவருக்கு இல்லை. ஏரைப் பிடிப்பவர் யார் என்று கேட்பாரில்லை. நாம் கூறிய குடும்பத்தின் குத்தகை ஏக்கருக்குரிய நிலச் சொந்தக்காரர் நகரத்தில் வசிக்கிறார், அவருக்கும் ரூ. 6,000 வருகிறது. ஒடிசா மாநிலத்தில் 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரத்திற்குப் பயிரிடுவோரையும் நிலமற்ற கூலியாட்களையும் சேர்த்தார்கள்; ஆகையால் இது செய்ய இயலாத காரியம் அன்று. நம் மாநிலத்தில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969 முதலே இருக்கிறது. பதிவு செய்துகொண்டால் அடுத்த ஆண்டு குத்தகை கிடைக்காது என்னும் அச்சத்தால் பதியாதவர் மிகப் பலர். நாம் பேசிப் பார்த்தும் அக்குடும்பத் தலைவர் அசையவில்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

சட்டத்தைத் திருத்துவது நம் கையில் இல்லை. இழுப்பறை நம் கையில் இருக்கிறது. எழுதிக் கொடுத்து மனமுவந்து கட்டுவோர் கட்டட்டும். வேறு எவர் தவணையிலிருந்தும் பாக்கிக்கு எடுப்பதில்லை என்று ஒவ்வொரு சங்கமும் வரும் பேரவைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, கையெழுத்திட்ட சீட்டுகளை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடல் வேண்டும். நம் ஆய்வுக்கு உட்பட்ட சங்கங்களின் காரியதரிசிகளுக்கு ஒன்று முன்னறிவிப்பாகக் கூறுகிறோம்: இனி நாம் வரும்போது, பேரேட்டைக் கேட்பதற்கு முன்னதாக மேசை இழுப்பறையைத் திறந்து காட்டும்படி கேட்போம்.