துருப் படிந்த இலையும் துயில்கொள்ளும் நாடும்

கண்டி மாநகரின் கடைத்தெருவிலே காலைப் பொழுதில் நடந்து செல்வோர் காணும் காட்சிகளுள் ஒன்று, பாண் வாங்க நிற்கும் மக்கள் கூட்டம். புசல்லாவையிலும் ஹேவாஹெட்டையிலும் உள்ள லயன் காம்பராக்களிலே அடுப்பில் வேகுவது கோதுமை மா றொட்டி. நெல் விளையும் நாடென்று பெயர்பெற்ற இத்தீவிலே உழைக்கும் மக்களின் ஒரு வேளை உணவு, கப்பலில் வந்திறங்கும் கோதுமையை நம்பி நிற்கிறது. 2022ஆம் ஆண்டில் உக்ரேனில் போர் மூண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. நம் ரூபாவும் வீழ்ந்தது. இம்மூன்றும் சேர்ந்து தோட்டத் தொழிலாளியின் றொட்டியைச் சிறிதாக்கியதை நாம் கண்ணாரக் கண்டோம்.

போர் மட்டுமா மனிதனின் உணவைப் பறிக்கும்? கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளும் பறிக்கும். அதனைக் கண்டி மக்களைப்போல் அனுபவித்து அறிந்தவர் உலகில் மிகச் சிலரே. ஆயினும் அந்தப் பாடத்தை நாம் மறந்துவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

கோதுமைப் பயிரின் பெரும் பகை துரு நோய். அது மூவகைப்படும். தண்டிலே செங்கல் நிறத்தில் நீண்ட கொப்புளங்களாக வெடித்து, பின்னர் கறுப்பது தண்டுத் துரு. இலையிலே செம்பழுப்பு நிறத்தில் சிறு வட்டப் புள்ளிகளாகச் சிதறிக் கிடப்பது இலைத் துரு. குளிர்ந்த இடங்களில், ஊசியால் தைத்த தையல்போல் மஞ்சள் வரி வரியாக ஓடுவது மஞ்சள் துரு. விரலால் தடவினால் துருப்பிடித்த இரும்பைத் தொட்டதுபோல் பொடி ஒட்டும். கதிர் முழுவதும் கரித்தூளாக மாறிவிடுமாயின் அது கரிப்பூட்டை. அந்த நோய் விதைக்குள்ளேயே ஒளிந்து வருவதால், விதையைப் பரிகரித்து விதைப்பதே அதற்கு மருந்து. துருவோ காற்றில் வரும். அதனை வெல்ல நோயெதிர்ப்புள்ள இனங்களை விதைப்பதும், ஒரே இனத்தால் ஊரை நிரப்பாதிருப்பதும், முதற் புள்ளியைக் கண்டவுடன் மருந்து தெளிப்பதும் வேண்டும்.

இதில் தமிழருக்குச் சம்பந்தமில்லை என்று எவரும் எண்ணவேண்டா. நீலகிரியில் சம்பாக் கோதுமை விளைகிறது. வட இந்தியச் சமவெளியின் கோடை வெப்பத்திலே துருவின் வித்துகள் பிழைப்பதில்லை என்பதையும், குளிர்ந்த மலைகளிலிருந்தே அவை ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன என்பதையும் இந்திய விஞ்ஞானி கே. சி. மேத்தா எடுத்துக்காட்டினார். தண்டுத் துருவின் வித்துகள் நீலகிரி, பழனி மலைகளிலிருந்து காற்றேறி மத்திய இந்தியா வரை செல்கின்றன என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் உறுதிசெய்தன. நீலகிரியின் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் அமைந்ததன் பொருத்தம் இதனால் விளங்கும். நோய் பிறக்கும் இடத்திலேயே அதற்குக் காவல் வைப்பதுதான் அறிவு.

1998ஆம் ஆண்டில் உகண்டாவில் தலைகாட்டிய புதிய தண்டுத் துரு, கென்யா, எத்தியோப்பியா, யேமன் என நாடு தாண்டி ஈரானை எட்டியது. 2016ஆம் ஆண்டில் வங்காள தேசத்தின் கோதுமை வயல்களிலே, அதுவரை ஆசியா கண்டிராத எரிபந்த நோய் புகுந்து கதிர்களை வெளுக்கச் செய்தது. நோய்க்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை!

இனி நம் ஊருக்கு வருவோம்.

1867ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அது வந்தது மக்களுக்காக அன்று, கோப்பிக்காக. தும்பறைப் பள்ளத்தாக்கிலிருந்து மலையுச்சி வரை காடழித்து, கோப்பி நட்டனர் துரைமார். நட்ட கரங்கள் தமிழ்க் கரங்கள். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் ஒரு தோட்டத்தின் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி தோன்றியது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பார்க்லி என்னும் அறிஞர் அது முன்பறியாத பங்கசு என்று கண்டு பெயரிட்டார். அதுவும் ஒரு துரு நோயே. கோதுமைத் துருவின் உறவு.

துரைமார் அதைப் பொருட்படுத்தினரா? இல்லை. பருவக் கோளாறு என்றனர். உரம் போட்டால் தீரும் என்றனர். விளைச்சல் குறைந்தது, ஆனால் உலகச் சந்தையில் கோப்பியின் விலை ஏறியது. விலையேற்றம் நோயை மறைத்தது. மேலும் காடழித்தனர், மேலும் நட்டனர். 1878ஆம் ஆண்டளவில் கோப்பி நிலம் 2,75,000 ஏக்கரை எட்டியது. நோய்க்கு விருந்து வைத்தாற்போல் மலைக்கு மலை ஒரே பயிர்!

1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கு வந்தார். இரண்டாண்டு உழைத்து, வித்துகள் காற்றில் பரவுவதையும், இலையின் அடிப்புறத்து நுண்துளைகள் வழியாக உட்புகுவதையும் விளக்கினார். இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே பேரழிவுக்கு வழி என்பதையும் சொன்னார். உண்மை வெளிப்பட்டது, ஆனால் காலம் கடந்துவிட்டது. 1884ஆம் ஆண்டில் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் சரிந்தது. துரைமார் பலர் கப்பலேறினர். தொழிலாளியோ கூலி பாக்கியோடு நடுத்தெருவில் நின்றான். நோயைக் கண்டும் காணாதிருந்தவன் முதலாளி. அதற்கு வட்டியும் முதலுமாகப் பட்டினி கிடந்தவன் தொழிலாளி. இதுதான் வரலாறு நமக்குச் சொல்லும் கணக்கு.

லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அழிந்த கோப்பியின் இடத்தைப் பிடித்தது. அத்தேயிலையையும் நோய் விடவில்லை. 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. இளந்தளிரிலே எண்ணெய்த் துளிபோல் வெளிறிய புள்ளி; மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்பட்டுப்போல் உப்பும். பறித்து விற்பதே தளிராகையால் இழப்பு நேரே கொழுந்துக் கூடையில் தெரியும். ஆனால் இம்முறை நாடு உறங்கவில்லை. 1925ஆம் ஆண்டிலேயே தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. செப்புக் கலந்த மருந்தை மழைக்காலத்தில் தவணை தவறாது தெளிக்கவும், நிழல்மரங்களின் கிளைகளை வெட்டி வெயிலை உள்ளே விடவும் வழி சொல்லப்பட்டது. தேயிலை பிழைத்தது. கோப்பிக்கும் தேயிலைக்கும் விதி வேறுபடவில்லை, விழிப்புத்தான் வேறுபட்டது.

நெல்லிலும் இதே கதை. எரிபந்தம் என்று நாமும், குலை நோய் என்று தமிழகத்தாரும் கூறும் நோய், இலையில் கண் வடிவான புள்ளியாகத் தொடங்கும். நடு சாம்பல், ஓரம் கபிலம். அப்போதே கவனியாவிடில் கதிரின் கழுத்தைக் கறுக்கச் செய்து மணியைப் பதராக்கும். பச்சை மிகவேண்டும் என்று யூரியாவை அளவின்றி அள்ளி வீசும் வயலையே அது முதலில் நாடும். 1958ஆம் ஆண்டில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எச்-4 நெல், அந்நோயைத் தாங்கும் வலிமையால் கமக்காரரின் அன்பைப் பெற்றது. எனினும் எந்த இனத்தின் எதிர்ப்பும் நிரந்தரமன்று. நோயும் உருமாறும், விதையும் மாறிக்கொண்டே இருக்கவேண்டும்.

இவ்வளவையும் அறிந்த நாட்டில்தான் 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தோடு பயிர் மருந்துகளின் இறக்குமதியும் ஒரே கட்டளையால் நிறுத்தப்பட்டது. நஞ்சைக் குறைக்க வேண்டும் என்பதை யார் மறுத்தார்? ஆனால் மாற்று வழியைக் கையில் கொடாமல் மருந்தைப் பறிப்பது வைத்தியமன்று. ஆறு மாதங்கள் கழித்து நவம்பரில் அக்கட்டளை மீட்கப்பட்டது. இழந்த விளைச்சலை மீட்டது யார்?

பேராதனையிலே விவசாயத் திணைக்களம் இருக்கிறது. கன்னொறுவையிலே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் அங்கேயே இருக்கிறது. மகாவலியின் இரு கரையிலும் இத்தனை அறிவு குவிந்திருக்க, சில மைல் தூரத்திலே லயன் அருகே தக்காளியும் போஞ்சியும் பயிரிடும் தமிழ்க் கமக்காரர், வாடிய செடியைக் கையிலேந்தி மருந்துக் கடைக்காரரிடம் யோசனை கேட்கிறார். கடைக்காரர் விற்பதற்குள்ளதைக் கொடுக்கிறார். பற்றீரியா வாடலுக்குப் பங்கசு மருந்தடித்துப் பணத்தைத் தொலைக்கும் கொடுமை இதனால்தான் நேர்கிறது.

“அவர்களுக்குச் சிங்களம் தெரியுமே, தமிழில் ஏன் சொல்லவேண்டும்?” என்று கேட்போர் உளர். சந்தையில் விலை பேசும் மொழியறிவு வேறு. எத்தனை லீற்றர் நீருக்கு எத்தனை கிராம் மருந்து, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதைப் பிழையின்றி அறியும் மொழியறிவு வேறு. முன்னதில் தவறினால் ஐந்து ரூபா நட்டம். பின்னதில் தவறினால் உயிர் நட்டம். தாய்மொழியில் கேட்பது சலுகையன்று, பாதுகாப்பு.

ஆகவே நாம் கோருவன மூன்று. தமிழ்பேசும் கமக்காரர் வாழும் ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும், இலையைப் பார்த்து நோயைச் சொல்லவும், அதனைத் தமிழில் சொல்லவும் வல்ல உத்தியோகத்தர் ஒருவர் வேண்டும். நோயின் படமும் பரிகாரமும் கொண்ட தமிழ்த் துண்டறிக்கை தோட்டப் பாடசாலை வரை செல்லவேண்டும். மருந்து தெளிக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் முகமூடியும் தோட்ட நிருவாகம் தன் செலவில் தரவேண்டும்.

அரசை மட்டும் குறைகூறி அமைவது நமக்கு அழகன்று. கமக்காரர் தம் வயலின் முதற் புள்ளியை மறைத்தல் கூடாது. அண்டை வயலாருக்கும் அறிவித்தல் வேண்டும். ஆசிரியரும் வைத்தியரும் சட்டத்தரணியும், கிராமத்திலிருந்து படித்து மேலேறிய மற்றையோரும், மாதத்தில் ஒரு நாளேனும் தம் ஊருக்குச் சென்று, கற்றதைத் தமிழிற் சொல்லட்டும். திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்தை அறியாத கமக்காரர் வீடு இருக்கக்கூடாது.

1869ஆம் ஆண்டில் ஓர் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க மறுத்தவர்கள் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே இழந்தனர். இன்று நம் கையிலும் இலை இருக்கிறது. திருப்பிப் பார்ப்போமாக!