கேட்கப்படாத ஒரு கேள்வி

மேல்சித்தாமூர்ப் பக்கம் வயலில் உழைக்கும் பெண்ணின் புறங்கையில் கொப்புளம் எழுந்தால், வெயில் என்று சொல்லிக் களிம்பு தருவார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொள்கிறாரா என்று யார் கேட்பது? கல்லீரலில் ஒரு நொதி குன்றுவதால் போர்ஃபிரின் தோலில் தேங்கி, ஒளி பட்டதும் புண்ணாகும் ‘போர்ஃபிரியா குட்டேனியா டார்டா’வை அந்த ஹார்மோன் தூண்டக்கூடும், மதுவும் மிகை இரும்புச்சத்தும் அவ்வாறே. சிறுநீர் கருஞ்சிவப்பாவது ஒரு தடயம்.

2021-ஆம் ஆண்டின் அரிய நோய்க் கொள்கையில் உதவிக்கான உச்சவரம்பு இன்று ரூ.50 லட்சம். விலை மிகுந்த மருந்துகளுக்கு அது தேவைதான். இந்நோய் அப்படியன்று. மருத்துவர் ஆலோசனையுடன் ஹார்மோனை நிறுத்தி, அவ்வப்போது இரத்தம் வடித்தால், அல்லது குறைந்த அளவில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தந்தால், பெரும்பாலும் அடங்கிவிடும். இங்கே பற்றாக்குறை பணமன்று, கண்டறிதல். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வாசலுக்கே வருகிறார். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும்போதே, கொப்புளத்தையும் மாத்திரையையும் பற்றி அவர் கேட்டு, ஐயமிருந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம்.