இடுப்புக்கு முதல் மரியாதை

'கோல்ஃபில் என்ன சார் பெரிய வித்தை? கையில் பலம் இருந்தால் யாரும் அடிக்கலாமே' என்று கேட்பவர்களுக்காக இந்த வாரம். கையில் ஒன்றுமே இல்லை. எல்லாம் இடுப்பில் இருக்கிறது.

எழுந்து நில்லுங்கள். (பஸ்ஸில் படிப்பவர்கள் வேண்டாம்.) காலைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, ஒரு குடையைத் தலைகீழாகப் பிடித்து வலப்பக்கமாகத் தூக்குங்கள். நல்ல ஆட்டக்காரருக்குத் தோள் சுமார் 90 டிகிரி திரும்பும். இடுப்பு அதில் பாதிதான், 45. வலது முழங்கால் மடங்கினபடியே முட்டுக் கொடுத்து நிற்கிறது. மேலே அதிகம், கீழே குறைச்சல் என்கிற இந்த வித்தியாசத்தில்தான் உடம்பு முறுக்கேறுகிறது. எடையும் வலது காலுக்கு வந்துவிடுகிறது.

நான் பி.காம். 'பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு' என்று படித்தவன். வலது கால் பெற்றாகிவிட்டது. இனி இடது காலுக்குத் திருப்பித் தர வேண்டும். யார் முதலில் ஆரம்பிப்பது என்பதில்தான் சூட்சுமம்.

கை உச்சிக்குப் போய்ச் சேருமுன்பே எடை இடது காலுக்கு நகர ஆரம்பித்து, இடுப்பு இடப்பக்கம் திரும்பிவிட வேண்டும். இடுப்பு நெஞ்சை இழுக்க, நெஞ்சு கையை இழுக்க, கை மட்டையை இழுக்கிறது. சாட்டை மாதிரி! ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததிடம் கொடுத்துவிட்டுத் தணிகிறது. அடிக்கிற சமயத்தில் இடது கால் தரையை அழுத்தி நிமிர்கிறது. மட்டை மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொட மொத்தமே கால் விநாடிதான். இதில் கை முந்திரிக்கொட்டையாக முந்திக்கொண்டால் பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதை அடித்துச் சொன்னவர் அமெரிக்காவின் பென் ஹோகன். 1949 பிப்ரவரியில் டெக்ஸாஸில் மூடுபனிக்குள் எதிரே வந்த பஸ் ஒன்று அவர் காரில் நேருக்கு நேர் மோதியது. மனைவியைக் காப்பாற்ற அவர் பக்கம் பாய்ந்தார் ஹோகன். அதனால் இவரும் ஸ்டீயரிங்கிடமிருந்து தப்பினார். ஆனால் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. இடது கணுக்காலும் போச்சு. காலிலிருந்து ரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறாமலிருக்கப் பெரிய ரத்தக்குழாயையே டாக்டர்கள் கட்டிவிட்டார்கள். இனி நடப்பாரா என்பதே சந்தேகம்.

16 மாதம் கழித்து, 1950 ஜூனில், காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மெரியன் மைதானத்துக்கு வந்தார். யு.எஸ். ஓப்பன். ஒரே நாளில் 36 குழி ஆடினார். மூன்று பேர் சமமாக நின்றதால் மறுநாள் இன்னும் 18. ஜெயித்தார்!

1957-ல் அவர் எழுதிய 'ஃபைவ் லெஸன்ஸ்' புத்தகத்தில், மட்டையைக் கீழே இறக்குவதை ஆரம்பித்து வைப்பது இடுப்புதான் என்கிறார். அது முழுசாக இருக்கிற நமக்கு பெல்ட் கட்டும்போது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. உடைந்து சேர்ந்த இடுப்போடு ஜெயித்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, குடையை வீசியாயிற்றா? இப்போது குனிந்து பெல்ட் பக்கிளைப் பாருங்கள். பந்து போயிருக்க வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா? எடை இடது காலில் இருக்கிறதா? வலது குதிகால் தரையை விட்டுத் தூக்கியிருக்கிறதா? அப்படியானால் கணக்கு டேலி.

ட்யூப் லைட் உடைந்திருந்தால், அது தனிக் கணக்கு.