நீலத் திரைக்குக் காரணம் நீங்கள் அல்ல!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "டைப் செய்துகொண்டே இருந்தேன் சார். திடீரென்று ஸ்கிரீன் முழுக்க நீலமாகி, அதுவே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. நான் ஏதாவது தப்பான கீயை அழுத்திவிட்டேனா?" என்று பயந்துகொண்டே கேட்பார்கள்.

இல்லை. நீங்கள் எந்தக் கீயை அழுத்தினாலும் அப்படி நடக்கக் கூடாது. நடந்தால் தவறு எங்கோ ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளத்தில் இருக்கிறது, அல்லது ராம் போன்ற ஒரு பாகத்தில் இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவர், "அப்டேட்டை ஆஃப் செய்து வைத்துவிட்டேன் சார், இனி தொல்லை இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். சில மாதங்களில் நீலத் திரை வரத் தொடங்கியது. அவரைக் கூப்பிட்டேன். ஃபார்மட் செய்தார். மறுபடி வந்தது. மறுபடி ஃபார்மட். மூன்றாவது முறை ஃபார்மட் செய்தபோது, பேக்கப் எடுக்காமல் வைத்திருந்த என் மகளின் பள்ளி விழாப் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. நான்காவது முறை நானே உட்கார்ந்து பார்த்தேன். வைஃபை அடாப்டருக்கான டிரைவர் மிகப் பழையது. ஒவ்வொரு முறையும் ஃபார்மட் செய்தபின் அதே பென் டிரைவிலிருந்து அதே பழைய டிரைவரைத்தான் அவர் போட்டிருக்கிறார்! அப்டேட்டை ஆன் செய்து புதிய டிரைவரைப் போட்டேன். அதோடு நீலத் திரை நின்றது. போட்டோக்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அப்டேட் என்பது ஏதோ கம்பெனிக்காரர்கள் தரும் தொல்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவிக் கிடக்கிறது. அது தவறு என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கெர்னல் என்றால் என்ன?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவைக் கெர்னல் என்பார்கள். மெமரியை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, பிராசசரை எந்தப் புரோகிராம் எப்போது பயன்படுத்துவது, ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது எல்லாம் இதன் வேலை. பெரும்பாலான டிரைவர்களும் இதோடு சேர்ந்தே இயங்குகின்றன. வேர்டில் ஒரு பிழை என்றால் வேர்டு மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் பிழை என்றால் அதற்கு மேலே கேட்க ஆள் இல்லை. தவறான கணக்கோடு தொடர்ந்து ஓடி உங்கள் ஃபைல்களைக் கெடுப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்று விண்டோஸ் முடிவு செய்கிறது. அந்த முடிவுதான் நீலத் திரை. (விண்டோஸ் 11ல் 2025ல் இதைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். விஷயம் ஒன்றுதான்.)

ஒரு நோட்டு, இரண்டு பேர்

கெர்னல் பிழைகளில் இரண்டு வகை மிகவும் பொல்லாதவை. முதல் வகைக்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் கணக்குக்கு ஒரே நோட்டு. ஒரு வாடிக்கையாளர் பெயரில் 1,000 ரூபாய் பாக்கி. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கு 200 ரூபாய்க்குச் சாமான் கட்டுகிறார். அதே நேரம் தம்பியும் 1,000 என்று பார்த்துவிட்டு, அவரிடம் 300 ரூபாய் வசூலிக்கிறார். அண்ணன் வந்து 1,200 என்று எழுதுகிறார். பின்னாலேயே தம்பி வந்து, அதை அடித்துவிட்டு 700 என்று எழுதுகிறார். சரியான பாக்கி 900. இருவருமே கணக்கில் தப்புச் செய்யவில்லை. பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவே இருந்த இடைவெளிதான் தப்பு.

இன்றைய பிராசசர்களில் நான்கு, எட்டு என்று பல கோர்கள். அத்தனையும் ஒரே மெமரியில் ஒரே நேரத்தில் கை வைக்கின்றன. இதற்குப் பரிகாரம் லாக். "பேனாவைக் கையில் எடுத்தவர்தான் நோட்டைத் தொடலாம்" என்று கடையில் ஒரு விதி வைப்பது போல. ஆனால் அண்ணன் பேனாவையும் தம்பி நோட்டையும் பிடித்துக்கொண்டு, "நீ முதலில் கொடு" என்று நின்றால் கடையே நின்றுவிடும். அதற்கு டெட்லாக் என்று பெயர். உங்கள் கம்ப்யூட்டர் சில நேரம் அசையாமல் உறைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காலி செய்த வீட்டின் சாவி

இரண்டாவது வகை, மெமரி பிழைகள். வாடகை வீட்டைக் காலி செய்தவர் ஒரு மாற்றுச் சாவியைத் திருப்பித் தராமல் வைத்திருக்கிறார். புதுக் குடித்தனம் வந்த பிறகு, பழைய நினைப்பில் கதவைத் திறந்து உள்ளே போனால் என்ன ஆகும்? ஒரு புரோகிராம் திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரி இடத்தை மறுபடியும் பயன்படுத்துவது இப்படித்தான். இன்னொன்று, தனக்குக் கொடுத்த இடத்தின் எல்லையைத் தாண்டிப் படிப்பதும் எழுதுவதும். மைக்ரோசாஃப்ட் சரிசெய்த பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இத்தகைய மெமரி பிழைகளே என்று அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே 2019ல் சொன்னார்கள்.

ஒன்பது ஆண்டு ஒளிந்திருந்த பிழை

இவை எவ்வளவு நாள் ஒளிந்திருக்கும் என்பதற்கு டர்ட்டி கவ் ஒரு நல்ல உதாரணம். 2007ல் வந்த லினக்ஸ் 2.6.22 கெர்னலில் இருந்து 2016 அக்டோபர் வரை இந்த ரேஸ் கண்டிஷன் உள்ளேயே இருந்தது.

படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு ஃபைலில் எழுத முயன்றால், கெர்னல் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, "இதில் எழுதிக்கொள்" என்று கொடுக்கும். மூலப் பிரதி பத்திரமாக இருக்கும். ஆனால் ஒருவன் எழுதிக்கொண்டே இருக்க, அவன் கூட்டாளி அந்த ஜெராக்ஸைத் தூக்கி எறிந்துகொண்டே இருந்தால்? ஜெராக்ஸ் எடுத்தாயிற்று என்று கெர்னல் நினைத்துக்கொள்ளும் ஒரு நொடித் துளியில், கைக்கு மூலப் பிரதி வந்துவிடும். அதிலேயே எழுதிவிடும். இப்படிச் சாதாரண யூசர் ஒருவர் சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் பிடித்துவிடலாம்.

பில் ஆஸ்டர் என்பவர், தாக்குதலுக்கு ஆளான ஒரு சர்வரின் நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் இது வெளியே தெரிந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோரு ஆண்டுகளுக்கு முன் தானே இதைச் சரிசெய்ய முயன்று, அது சரியாக அமையவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அன்று ஏட்டளவில் இருந்த ஆபத்து, பின்னாளில் எளிதில் நடக்கக்கூடியதாகிவிட்டது. அவர் 2016ல் கொடுத்த திருத்தம் இருபது வரிகளுக்கும் குறைவு. அதிலும் ஒரு ஓட்டை விட்டுப் போயிருந்தது 2017 நவம்பரில் தெரியவந்து, அதையும் அடைத்தார்கள். உலகத்தின் தலைசிறந்தவர்களுக்கே இந்த வேலை இப்படி என்றால், உங்கள் மேல் நீங்கள் பழி போட்டுக்கொள்வதில் என்ன நியாயம்?

இனி முக்கியமான விஷயம். ஆண்ட்ராய்டு போன்களிலும் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். அதற்கான திருத்தம் 2016 டிசம்பர் பாதுகாப்பு அப்டேட்டில் வந்துவிட்டது. ஆனால் 2017 செப்டம்பரில், இதே பிழையைப் பயன்படுத்தி இசட்.என்.ஐ.யு. என்ற தீய புரோகிராம் 5,000க்கும் மேற்பட்டவர்களின் போன்களில் புகுந்திருப்பதை டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டுபிடித்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள். மருந்து வந்து ஒன்பது மாதம் கழித்தும் நோய் வந்திருக்கிறது. காரணம், மருந்து அந்தப் போன்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்டேட்டே கெடுத்தால்?

"அப்டேட் செய்துதானே சார் உலகமே நின்றது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் ஒரு மெமரி பிழை. 21 தகவல்கள் எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே இருந்தன. இல்லாத 21வது தகவலைப் படிக்கப் போய், எல்லையைத் தாண்டி விழுந்தது. அந்த மென்பொருள் கெர்னலுக்குள் இயங்கியதால் முழு சிஸ்டமும் விழுந்தது.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இதிலிருந்து அப்டேட்டே வேண்டாம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. பேக்கப் இல்லாமல் அப்டேட் வேண்டாம் என்பதுதான் சரியான பாடம். தவறான அப்டேட்டை உலகமே கவனித்து ஓரிரு நாளில் வழி சொல்லிவிடும். மூடாமல் விட்ட ஓட்டையை, அதில் நுழைபவனைத் தவிர வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில், முக்கியமான போட்டோக்களையும் ஃபைல்களையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள். இதை இன்றே செய்யுங்கள். பிறகு அப்டேட்டை ஆன் செய்யுங்கள். டேட்டா செலவுக்குப் பயந்தால் வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

நீலத் திரை வந்தால் அதில் தெரியும் ஸ்டாப் கோடை எழுதி வையுங்கள், அல்லது போனில் போட்டோ எடுங்கள். கடைசியாக எந்த டிரைவரை, எந்தச் சாதனத்தைச் சேர்த்தீர்கள் என்று யோசியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி, ராமைச் சோதித்துப் பாருங்கள். சில நேரம் குற்றவாளி பழுதான ராமாகவும் இருக்கும். யாராவது வந்ததும் வராததுமாக "ஃபார்மட் செய்துவிடலாம்" என்றால், "எதனால் வந்தது என்று சொல்லுங்கள், பிறகு செய்யலாம்" என்று சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. ஆகவே பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் இதைக் கணக்கில் கொள்ளுங்கள். போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் நாம், எத்தனை ஆண்டுக்கு அப்டேட் தருவீர்கள் என்றும் கேட்கப் பழக வேண்டும். நாம் கேட்காதவரை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

எங்கோ ஒருவர் கண் விழித்து அந்த இருபது வரிகளைத் திருத்தி அனுப்புகிறார். நம் வாசல் வரை வந்த அதை உள்ளே விட ஒரு கிளிக் போதும். அந்த ஒரு கிளிக்கை நான் தள்ளிப் போட்டதற்குக் கொடுத்த விலை என் மகளின் போட்டோக்கள். உங்களுக்கு அது வேண்டாம்.