வெட்டாத சுரங்கம், விடாத வில்லங்கம்

ஜெயங்கொண்டம் மண்ணிலிருந்து ஒரு கூடை பழுப்பு நிலக்கரிகூட மேலே வந்ததில்லை. ஆனால், அதைச் சுற்றியுள்ள 13 கிராமங்கள் கால் நூற்றாண்டைச் சுரங்கத்துக்குப் பறிகொடுத்துவிட்டன.

அரியலூர் தனி மாவட்டமாகும் முன்பே, இப்பகுதி பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்த 1990-களின் பிற்பகுதியில், பழுப்பு நிலக்கரி அனல் மின்திட்டத்துக்கென மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ இங்கே எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தியது. கொடுத்த இழப்பீடு அற்பம் என்று ஆயிரக்கணக்கில் வழக்குகள். அவற்றுக்கென்றே தனி நீதிமன்றங்கள். முந்திரிக்கொல்லையில் பாடுபட்டது விவசாயி, பட்டாவில் இருந்தது அரசு. விற்க வழியில்லை, அடமானம் வைத்துக் கடன் வாங்க வழியில்லை, பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துப் பத்திரம் பதியவும் வழியில்லை என்றிருந்தது.

திட்டத்தைக் கைவிட்டு, இழப்பீட்டைத் திரும்பக் கேட்காமல் நிலத்தை ஒப்படைப்பது என்று 2022-ல் மாநில அரசு எடுத்த முடிவு பாராட்டத்தக்கது. ஆனால், அடுத்த ஆண்டே மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகியவற்றுடன் அரியலூர் மாவட்டத்தின் மைக்கேல்பட்டியும் வந்து நின்றது. 2023 ஏப்ரல் 5 அன்று சட்டமன்றத்தில் கவன ஈர்ப்புத் தீர்மானம் வந்தது. மூன்று நாளில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். எதிர்ப்புக்குப் பணிந்து நீக்கியதை, எதிர்ப்பு அடங்கியதும் சேர்க்க எவ்வளவு நேரமாகும்?

தடுக்க ஒரு சட்டம் இருக்கிறது. அது அரியலூருக்குப் பொருந்தாது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல அறிவிப்பில் இடம்பெற்ற அரியலூர், அதே மாதம் நிறைவேறிய சட்டத்தில் திருச்சி, கரூருடன் விடுபட்டது. கொள்ளிடக் கரையில் நெல் விளையும் வட்டாரம் டெல்டா இல்லையென்றால் வேறென்ன?

சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் ஆக்கும் மாவட்டத்துக்குப் பழுப்பு நிலக்கரி மட்டும் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து நெய்வேலியைப் பார்க்கட்டும். கரிக்கு அடியிலுள்ள ஊற்றுநீரை ஓயாமல் இறைத்துக் கொட்டினால்தான் அங்கே சுரங்கம் நடக்கும். போர்வெல்லை நம்பிய ஜெயங்கொண்டம் அதைத் தாங்காது. மின்சாரம் வேண்டும்தான், அதற்கு வெயிலும் காற்றும் இருக்கின்றன.

எனவே, 2020 சட்டத்தைத் திருத்தி அரியலூரைச் சேர்க்க வேண்டும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைப் பெயர் சொல்லியே தடை செய்ய வேண்டும். 13 கிராமங்களிலும் ஒரு சர்வே எண்கூட விடுபடாமல், வில்லங்கம் நீங்கிய பட்டா உரியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை வருவாய்த் துறை கிராமவாரியாக வெளியிட வேண்டும்.