தாத்தா பெயர் சென்சஸில் இல்லை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள், நான்கைந்து நாட்களுக்குள் தாத்தாவின் பெயரை டைப் செய்து தேடிப் பார்க்கிறார்கள். இங்கிலாந்துக்காரர் யாரோ பழைய சென்சஸ் ஏட்டில் தன் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்த கதையைப் படித்துவிட்டு, "தஞ்சாவூர் சென்சஸ் எந்தத் தளத்தில் கிடைக்கும்?" என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு.

கிடைக்காது. வீடு வீடாக எழுதிய சென்சஸ் விவரங்களை வெளியார் பார்ப்பதற்கு நமது 1948ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தில் இடமில்லை. பிரிட்டனில் 100 ஆண்டுகள் பூட்டி வைத்துப் பின்னர் திறந்துவிடுகிறார்கள். 1921 சென்சஸ் 2022ல் வெளியானது. அமெரிக்காவில் 72 ஆண்டுகள். இங்கே அப்படிக் கெடு எதுவும் இல்லை. சென்னை மாகாணத்தின் 1871 சென்சஸ் அறிக்கை போன்றவற்றை இண்டர்நெட்டில் படிக்கலாம். ஆனால் அதில் இருப்பது தலைக்கணக்கு, பெயர்கள் அல்ல. ஆகவே, சென்சஸில் தாத்தாவை எடுத்துத் தருவதாக எந்தத் தளமாவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கல்யாணப் பதிவு? சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் பதிவேடுகள் உண்டு. மற்றவர்களுக்குச் சிக்கல்தான். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமானதே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஆவணம் இருக்கிறது! 1860ல் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற 1,52,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கப்பல் பட்டியல் உள்ளது. பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், கிராமம் எல்லாம் எழுதியிருப்பார்கள். டர்பனில் இருக்கும் பேரன் தன் ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறான். இங்கேயே நாற்று நட்டு, அறுத்து, இங்கேயே மறைந்தவருக்கு அப்படி ஒரு வரி கூட இல்லை. நிலம் இருந்தால் கிரயப் பத்திரத்தில் அப்பன் பெயராவது மிஞ்சும். கூலிக்கு உழுதவருக்கு அதுவும் கிடையாது.

அப்படியானால் எதைத் தேடுவது? மொய் நோட்டைத்தான். ஊர், பெயர், தொகை என்று நம் டெல்டா கிராமங்கள் தாமே எழுதி வைத்த கல்யாண ஆவணம் அது. பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிய்த்த இரவில் பாதி நோட்டுகள் கூழாகிவிட்டன. முந்தின வருடமே வீட்டில் ஸ்கேனர் இருந்தது. நான்தான் சோம்பலாக இருந்துவிட்டேன்.

நீங்கள் தள்ளிப் போடாதீர்கள். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்திடுங்கள். பைலுக்கு வருடம், ஊர், யார் கல்யாணம் என்று பெயர் கொடுங்கள். பெயர்களை யூனிகோட் தமிழில் டைப் செய்து வைத்தால் பிறகு தேட முடியும். ஒரு காப்பி பென் டிரைவில், இன்னொன்று உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டரில். கல்யாணப் பத்திரிகைகளையும் விடாதீர்கள். மொய் நோட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஆண்கள் பெயர். எங்கள் பாட்டியின் பெயரை ஒரு பத்திரிகையில்தான் பார்த்தேன்.

தப்பித்த நோட்டு ஒன்றில் 'மேலத்தெரு மாமா, 2 ரூபாய்' என்று மூன்று வரிகள் இருக்கின்றன. மூன்று பேரும் யார் என்று சொல்லக்கூடியவர் எங்கள் பெரியம்மா மட்டுமே. அவருக்கு வயது 84. இந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.